ஒரு பாதை அடைத்தால் மறு பாதை – உடம்புக்குள்ளும் உண்டு!



புற்றுநோய் என்றாலே நம் மலையில் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறோம். "அவங்க அம்மாவுக்கும் இருந்துச்சாம், வீட்டைப் புடிச்ச சாபம்" என்றும் சொல்லிவிடுகிறோம். இது சாபம் இல்லை. உடம்புக்குள் நடக்கும் ஒரு கணக்கு. அது என்ன என்று பார்ப்போமா?

எதற்கு இரண்டு?

நம் உடம்பு கோடிக்கணக்கான செல்களால் ஆனது. எந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்ற குறிப்பு செல்லுக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் குறிப்புதான் ஜீன், அதாவது மரபணு. மனிதருக்குச் சுமார் 20,000 ஜீன்கள். பெரும்பாலும் ஒவ்வொன்றும் இரண்டு பிரதியாக இருக்கும். ஒன்று அம்மா கொடுத்தது, இன்னொன்று அப்பா கொடுத்தது.

நம் குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊக்குநருக்குக் காய்ச்சல் என்றால் பிரதிநிதி கூட்டத்தை நடத்திவிடுகிறார். குழு நிற்பதில்லை. அதுபோலத்தான், ஒரு பிரதி பழுதானால் மற்றொன்று வேலையைப் பார்க்கும். இதுபோக, ஒரு ஜீனின் வேலையை ஓரளவு செய்யத் தெரிந்த வேறு ஜீன்களும் உண்டு.

இது நல்லதுதான். ஆனால் ஒரு சிக்கல்! மாற்று ஆள் வேலை பார்க்கும் வரைக்கும், இழப்பு வெளியே தெரியவே தெரியாது.

பிராக்கா என்னும் ஜீன்

செல்லில் உள்ள மரபுச் சரடு தினமும் சேதமாகிறது. சின்னக் கீறலைச் சரிசெய்ய 'பார்ப்' என்ற புரதம் உதவுகிறது. சரடு இரண்டாக அறுந்தால் அதை இணைக்கப் பிராக்கா 1, பிராக்கா 2 என்ற ஜீன்கள் வேண்டும். இவை 1994, 1995 ஆண்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டன.

சிலருக்குப் பிறவியிலேயே பிராக்காவின் ஒரு பிரதி பழுதாக இருக்கும். மற்றொரு பிரதி இருப்பதால் நன்றாகத்தான் இருப்பார்கள். பிறகு மார்பிலோ சினைப்பையிலோ ஏதோ ஒரு செல்லில் அந்த இரண்டாவது பிரதியும் போய்விட்டால், பழுதுகள் சேர்ந்து புற்றுநோய் தொடங்கலாம். இப்படிப் பிராக்கா பழுதோடு பிறந்த பெண்கள் 100 பேரில் 60 பேருக்கு மேல் வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வருகிறது. அம்மா வழியில் மட்டுமல்ல, அப்பா வழியிலும் இது வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு சரிபாதி.

புற்றுநோய்க்கும் ஒரு மாற்றுப் பாதை

காரவள்ளி பாதையில் மண் சரிந்தால் என்ன செய்கிறோம்? முள்ளுக்குறிச்சி வழியாகச் சுற்றிப் போகிறோம். அதுவும் அடைத்தால்? பாடுதான்!

பிராக்காவை முழுதும் இழந்த புற்றுநோய் செல்லும் அப்படித்தான். ஒரு பாதை ஏற்கெனவே அடைத்துவிட்டதால் அது பார்ப்பை நம்பி வாழ்கிறது. அந்தப் பார்ப்பையும் தடுத்தால் கீறல்கள் பெரிய அறுப்பாகும். இணைக்க ஆளில்லாமல் செல் செத்துவிடும். நல்ல செல்லுக்குப் பிராக்காவின் ஒரு பிரதியாவது மிச்சம் இருப்பதால் அது தாங்கிக்கொள்ளும்.

பிரிட்டனில் நடந்த இரண்டு ஆய்வுகள் 2005ல் இதைக் காட்டின. இந்த வழியில் வேலை செய்யும் 'ஓலாபரிப்' மாத்திரைக்கு 2014ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி கிடைத்தது. இது எல்லோருக்கும் பொருந்தாது. பரிசோதனை செய்துதான் மருத்துவர் முடிவு செய்வார். சில புற்றுநோய்கள் வேறு வழி கண்டுபிடித்துத் திரும்பவும் வளர்வதுண்டு.

நாம் என்ன செய்யலாம்?

1. நெருங்கிய உறவில் இரண்டு பேருக்கோ, 50 வயதுக்கு முன் ஒருவருக்கோ மார்பக அல்லது சினைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அப்பா வழி உறவையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

2. மார்பகப் புற்றுநோய் வந்த 100 பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான் அது பரம்பரையாக வருகிறது. "எங்க வீட்டுல யாருக்கும் இல்லையே" என்று இருந்துவிடக் கூடாது. 30 வயது தாண்டியவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகம், கர்ப்பப்பை வாய் இரண்டையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். கட்டணம் கிடையாது.

3. வலி இல்லாத கட்டி என்று விட்டுவிடாதீர்கள். முலைக்காம்பில் ரத்தம் கசிந்தாலும், தோல் சுருங்கினாலும் உடனே போங்கள்.

4. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் பரம்பரைப் புற்றுநோய் பற்றி ஆலோசனை பெறலாம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954ல் தொடங்கிய இடம் அது. சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உதவுமா என்றும் விசாரியுங்கள்.

5. இது தொற்றுநோய் அல்ல. நோய் வந்தவரை ஒதுக்குவதும், அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டத் தயங்குவதும் வேண்டாம். பயம் வந்தால் குடும்பங்கள் நோயை மறைக்கும். மறைத்தால் அடுத்த தலைமுறைக்கு எச்சரிக்கை போய்ச் சேராது.

சேமிப்பு, கடன் கணக்கையெல்லாம் நோட்டில் சரியாக எழுதுகிறோம். இந்த மாதம் வீட்டில் ஒரு தாளை எடுத்து, அம்மா வழியிலும் அப்பா வழியிலும் யாருக்கு, எந்த வயதில், என்ன நோய் வந்தது என்று எழுதி வைப்போம். எழுதத் தெரியாத சகோதரிக்குப் பக்கத்தில் உள்ளவர் எழுதிக் கொடுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தத் தாளும் கையில் இருக்கட்டும்!