தவுக்கே பட்டறையில் கற்ற பாடம்

துப்பாக்கி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்தேன் என்று சொன்னால், இன்றைய இளைஞர்கள் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். அவர்கள் அறிந்தது சினிமாத் துப்பாக்கி. 1980களில், கோலகங்சாருக்கு அப்பால் ஒரு சிறு பட்டணத்தில் நான் பார்த்தவை வேறு. காட்டுப்பன்றியிடமிருந்து மரவள்ளியையும் செம்பனைக் கன்றையும் காப்பாற்ற, உரிமம் பெற்று வைத்திருந்த பழைய வேட்டைத் துப்பாக்கிகள் அவை.

முதலாளி வயதான சீனர். நான் அவரைத் ‘தவுக்கே’ என்பேன். அவர் என்னைத் ‘தம்பி’ என்பார். மற்ற பேச்செல்லாம் மலாய்.

முதல் நாளே ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். ‘காலிதான்’ என்று கொண்டுவந்தவர் சத்தியமே செய்தாலும், துப்பாக்கியைத் திறந்து உள்ளே நம் கண்ணால் பார்க்க வேண்டும். அடுத்தது உரிமம். அதிலுள்ள எண்ணும் துப்பாக்கியில் பொறித்த எண்ணும் ஒத்துப்போனால்தான் மேசைக்கு வரும். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம்.

பெரும்பாலும் ‘12 போர்’ துப்பாக்கிகள்தாம் வரும். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டையின் விட்டமே அந்தக் குழலின் விட்டம், சுமார் 18.5 மில்லிமீட்டர். 20 உருண்டை என்றால் ‘20 போர்’. எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். 20 போர் தோட்டா தவறுதலாக 12 போர் துப்பாக்கிக்குள் போனால், முன்னே நழுவிக் குழலில் சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் பின்னால் இன்னொரு தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே வெடித்துவிடும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பது இதற்காகத்தான்.

இரட்டைக் குழல் வந்தால், கட்டையிலிருந்து கழற்றித் தொங்கவிட்டு, மரத்துண்டால் மெல்லத் தட்டுவார். குழல்களை இணைக்கும் பற்றுவைப்பு உறுதியாக இருந்தால் மணிபோல் நீண்டு ஒலிக்கும். விட்டுப்போயிருந்தால் விரிந்த பானைச் சத்தம்.

ஒரு மழைக்காலத்தில், தோட்டத்துப் பெரியவர் ஒருவர் தம் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். தட்டியதும் பானைச் சத்தம். உள்ளே விளக்கைப் பிடித்துப் பார்த்தால், துரு தின்ற ஆழமான குழிகள்.

“ரெண்டு ராத்திரியில பாதிக் கொல்லைய உழுதுட்டுப் போயிருச்சு தம்பி. எண்ணெய் போட்டு மட்டும் குடுக்கச் சொல்லு. காசு எவ்வளவுன்னாலும் தர்றேன்” என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். தவுக்கே தலையாட்டவில்லை. “சுட்டால் பன்றி தப்பிவிடும், இவர் கை தப்பாது என்று சொல்” என்றார். பெரியவர் கோபத்தோடு வெளியேறினார்.

அந்த மாதம் கடை வாடகைக்கே இழுபறி. “எண்ணெய்தானே கேட்டார்?” என்றேன். “என் கை பட்ட துப்பாக்கி எங்கே வெடித்தாலும், அது என் வேலைதான் தம்பி” என்றார்.

சில மாதம் கழித்து அதே பெரியவர் வந்தார். முறைப்படி அனுமதி வாங்கி, வேறொரு ஒற்றைக் குழல் துப்பாக்கி வைத்திருந்தார். “தவுக்கே பார்த்துச் சரின்னா சரி” என்று மேசையில் வைத்தார்.

பிறகு நான் தொழிற்சாலைப் பராமரிப்பு வேலைக்குப் போனேன். “இன்னிக்கு மட்டும் ஓட்டிக்கலாம், கையெழுத்துப் போடுங்க” என்று கேட்ட நாள்கள் பல. பாதுகாப்புத் தடுப்பு கழன்ற இயந்திரத்துக்கு நான் கையெழுத்திட்டதில்லை. அதனால் பதவி உயர்வு ஒருமுறை தள்ளிப்போனதும் உண்டு. ஆனால், நான் பார்த்துக்கொண்ட இயந்திரங்களில் வேலை செய்தவர்கள் பத்து விரலோடுதான் வீட்டுக்குப் போனார்கள்.