கடலாமையும் நம் மூச்சும்



நீருக்குள் உலவும் உயிர்களை இருவகையாகப் பிரிக்கலாம். நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் செவுள்களால் பிரித்தெடுத்துக்கொள்பவை ஒருவகை. மீன்கள் இவ்வகையைச் சார்ந்தவை. நீர்ப்பரப்புக்கு வந்து காற்றை உள்ளிழுத்து, அந்த மூச்சு தீரும்வரை கீழே உலவுபவை மற்றொருவகை. திமிங்கிலமும் கடலாமையும் இவ்வகையின. இவ்வேற்றுமையை நன்கு உணர்ந்தவர்க்கு, கடலுக்குள் ஆமையைக் காணச் செல்லும்போது எவ்வாறு நடந்துகொள்வது என்பது தானே விளங்கும். அதனை எடுத்துரைப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

சென்ற விடுமுறையில் என் மகன் குடும்பத்தாருடன் இலட்சத்தீவுகளுள் ஒன்றாகிய அகத்தித் தீவுக்குச் சென்றிருந்தேன். கொச்சியிலிருந்து விமானத்திலோ கப்பலிலோ அங்குப் போகலாம். அனுமதிச் சீட்டை முன்னரே பெற்றுக்கொள்ள வேண்டும். தீவுக்கு அரணாக அமைந்த பவளப்பாறைத் தொடர் பேரலைகளைத் தடுத்துவிடுகிறது. அத்தொடருக்கும் கரைக்கும் இடையே கடல் ஆழம் குறைந்து, ஏரிபோல் அமைதியாக இருக்கிறது. அதன் அடித்தளத்தில் வளரும் கடற்புல்லை மேய்வதற்காகப் பேராமைகள் வருகின்றன. உலகிலுள்ள 7 வகைக் கடலாமைகளுள் 5 வகை நம் நாட்டுக் கடல்களில் காணப்படுகின்றன. அவை பேராமை, அழுங்காமை, பங்குனி ஆமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை என்பன. இவற்றுள் பேராமை, வளர்ந்தபின் பெரும்பாலும் தாவர உணவையே நாடுவது.

மிதவைச் சட்டை அணிந்து, முகக்கண்ணாடி மாட்டி, வாயில் ஸ்நார்க்கெல் என்னும் மூச்சுக்குழலைக் கவ்விக்கொண்டு நாங்கள் குப்புற மிதந்தோம். என் பேத்தி ஏழாம் வகுப்பில் படிப்பவள். "இந்தக் குழலை இன்னும் நீளமாகச் செய்தால் ஆமைக்குப் பக்கத்திலேயே போய்விடலாமே, தாத்தா!" என்றாள். நல்ல கேள்வி அது. குழலின் நீளம் ஒரு முழத்திற்கும் சற்றுக் குறைவு. அதற்குக் காரணம் இரண்டு. ஆழம் மிகுந்தால் நீரின் அழுத்தம் மார்பை நெருக்கும். அந்நெருக்கத்தை எதிர்த்து, மேலுள்ள காற்றைக் குழல் வழியே இழுக்க நம் மார்புத் தசைகளுக்கு வலிமை போதாது. அன்றியும், நீண்ட குழலில் நாம் வெளிவிட்ட மூச்சே தங்கிவிடும். அதனையே மீண்டும் உள்ளிழுக்க நேரும்.

முகக்கண்ணாடியைப் பற்றியும் ஒன்று அறியவேண்டும். நீரிலிருந்து கண்ணாடி வழியே காற்றுக்குள் நுழையும் ஒளி வளைகிறது. ஆதலால், 4 மீட்டர் தொலைவிலுள்ள ஆமை 3 மீட்டரில் இருப்பதாகத் தோன்றும். உருவமும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும்.

எங்களுக்குக் கீழே ஒரு பேராமை மேய்ந்துகொண்டிருந்தது. சிறிது நேரத்திற்குப் பின் அது முன்துடுப்புகளை மெல்ல அசைத்து மேலெழுந்தது; தலையை நீருக்கு வெளியே நீட்டிப் பழைய காற்றை வேகமாக ஊதித் தள்ளிற்று; புதுக்காற்றை இழுத்துக்கொண்டு உடனே கீழிறங்கிற்று. இவையெல்லாம் இரண்டொரு நொடியில் முடிந்துவிட்டன. நாம் சாதாரணமாக மூச்சுவிடும்போது நுரையீரலிலுள்ள காற்றில் சிறு பகுதியே மாறுகிறது. ஆமையோ ஒரே மூச்சில் பெரும்பகுதியை மாற்றிக்கொள்ள வல்லது. நீரடியில் ஓய்வுகொள்ளும்போது அதன் இதயத் துடிப்பு குறைகிறது. பிராணவாயுச் செலவும் சுருங்குகிறது. ஆகையால், அசையாது கிடக்கும் ஆமை சில மணி நேரம்கூட மேலே வராமல் இருக்க இயலும்.

என் மகன் பயிற்சியாளர் ஒருவருடன் பவளப்பாறைக்கு அப்பால் சென்று, காற்றுக்கலம் தாங்கி, 10 மீட்டர் ஆழம் வரை மூழ்கினான். பிரெஞ்சு நாட்டினரான கூஸ்தோவும் காக்னானும் 1943ஆம் ஆண்டில் உருவாக்கிய கருவியின் வழிவந்ததே இக்காலத்து மூழ்குகருவி. சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திற்கு ஏற்ற அழுத்தத்தில் அது காற்றைத் தருகிறது. 10 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் நீர்ப்பரப்பில் உள்ளதைப்போல் இருமடங்கு. அங்கு நிறைய மூச்சிழுத்து, அதனை அடக்கியவாறே ஒருவர் மேலே வந்தால் என்ன நேரும்? அழுத்தம் பாதியாகுமிடத்துக் காற்றின் கன அளவு இருமடங்காகும் என்பது 1662ஆம் ஆண்டில் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி. விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும். எனவே, காற்றுக்கலத்துடன் மூழ்குவோர் ஒருபோதும் மூச்சை அடக்கலாகாது. ஆமைக்கு இந்த இடர் இல்லை. அது மேலே பெற்ற காற்று ஆழத்தில் சுருங்கி, திரும்பி வரும்போது பழைய அளவுக்கே விரிகிறது. ஒரே விதி, மனிதன் மூச்சை அடக்கலாகாது என்கிறது. ஆமை அடக்கலாம் என்கிறது. காற்றை எங்கே பெற்றோம் என்பதில்தான் வேறுபாடு உள்ளது.

இனி நம் கடமைக்கு வருவோம். கையிருப்புப் பணத்தைச் சிக்கனமாகச் செலவிடுவோர் நெடுநாள் வாழ்வர். அச்சத்தில் ஓடுவோர் விரைவில் வெறுங்கையராவர். ஆமையின் மூச்சும் அத்தகையதே. நாம் துரத்தினால் அது துடுப்படித்து விரைகிறது; மணிக்கணக்குக்குப் போதுமான பிராணவாயு சில நிமிடங்களில் கரைகிறது. அது மேலே வரும் வழியில் மனிதர் பலர் வட்டமிட்டு மிதந்தாலோ, மூச்சுக்காக வந்தது மீண்டும் கீழே திரும்புகிறது. தொடாமலிருந்தால் தீங்கில்லை என்று எண்ணுவோர் இதனைக் கருதவேண்டும். ஆமையின் தலைக்கு நேர்மேலே மிதவாதீர்கள். பக்கவாட்டில் சில மீட்டர் விலகி நில்லுங்கள். கண்ணாடி தொலைவைக் குறைத்துக் காட்டுவதால், தோன்றுவதைவிட அது எட்டவே இருக்கும். அதைக் கண்டு இன்னும் நெருங்க முற்படாதீர்கள். கடற்புல்லை மிதிக்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கடலாமைகளை முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள்.

கடலுக்குள் இறங்கும் வாய்ப்பு எல்லார்க்கும் கிட்டுவதில்லை. ஆயினும், இச்செய்தி சென்னையில் கரையில் நிற்பவர்க்கும் உரியதே. ஆண்டுதோறும் ஜனவரி தொடங்கிப் பங்குனி ஆமைகள் நம் கரைகளில் முட்டையிட வருகின்றன. 2025ஆம் ஆண்டு ஜனவரியில் அவை நூற்றுக்கணக்கில் இறந்து சென்னைப் பகுதியில் கரையொதுங்கின. இழுவலைகளில் சிக்கி மூச்சு முட்டியதே பெருங்காரணமாகக் கருதப்பட்டது. கடலில் பிறந்து வளர்ந்த பிராணி கடலிலே மூழ்கி இறக்குமா என வியந்தோர் உண்டு. மூச்சின் கணக்கை அறிந்த நாம் வியக்கவேண்டுவதில்லை. ஓய்வில் மணிக்கணக்கில் மூழ்கியிருக்கும் ஆமை, வலையில் சிக்கிப் போராடும்போது ஒரு மணி நேரத்திற்குள்ளாகவே மாளக்கூடும்.

இதற்கு மாற்றும் உண்டு. இழுவலையின் கழுத்தில் சாய்வான கம்பிச் சட்டம் ஒன்றைப் பொருத்துகிறார்கள். இறாலும் சிறுமீனும் கம்பிகளின் இடைவெளி வழியே வலைக்குள் செல்லும். ஆமை சட்டத்தில் மோதி, அங்குள்ள திறப்பின் வழியே வெளியேறும். மீனவர்க்கும் பிழைப்பு வேண்டும். ஆமைக்கும் மூச்சு வேண்டும். இரண்டுக்கும் இடம் தரும் கருவிகளைத் திருத்தமாகச் செய்வது, இன்று பௌதிகமும் உயிரியலும் கற்கும் உங்களைப் போன்றோர் நாளை ஏற்கத்தக்க பணியாகும்.