இறைமையும் உலக நீதிமன்றமும்

உள்நாட்டு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பவர் எதிர்த் தரப்பின் சம்மதத்தைப் பெற வேண்டியதில்லை. தி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தின் நிலை வேறு. இறைமை பெற்ற நாடு எதையும் அதன் இசைவின்றி அங்கு நிறுத்த இயலாது. இவ்விசைவைப் பொதுவான பிரகடனம் வாயிலாக முன்கூட்டியே அளிக்கலாம். குறிப்பிட்ட உடன்படிக்கை ஒன்றின் வாயிலாகவும் அளிக்கலாம். எந்த அளவிற்கு அளிப்பது என்பதை அந்தந்த நாட்டின் அனுபவமே பெரிதும் நிர்ணயிக்கிறது. இதற்கு இந்தியா தக்க சான்றாகும்.

விடுதலை பெற்ற இந்தியாவைத் தொடக்கத்தில் கட்டுப்படுத்தியது, 1940-இல் ஆங்கில ஆட்சிக் காலத்தில் அளிக்கப்பட்ட பிரகடனம். 1954-இல் தாத்ரா, நகர் ஹவேலி பகுதிகள் போர்ச்சுகீசியர் பிடியிலிருந்து விடுபட்டன. அங்குப் படை அனுப்ப இந்தியா வழிவிடவில்லை. போர்ச்சுகல் 1955 டிசம்பர் 19-இல் நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்றது. மூன்றே நாட்களில் இந்தியாவின் மீது வழக்குத் தொடுத்தது. காலனியை மீட்க விழைந்த நாட்டிற்கு, மற்றொரு காலனி ஆட்சி விட்டுச்சென்ற கையொப்பமே கதவைத் திறந்துவிட்டது! போர்ச்சுகீசியப் படைகளுக்கு வழியுரிமை இல்லை என்றும், இந்தியா தன் கடமையை மீறவில்லை என்றும் 1960 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. பாதகம் நேரவில்லை, ஆயினும் பாடம் மறக்கப்படவில்லை.

1974-ஆம் ஆண்டுப் பிரகடனத்தில் அது தெளிவாகத் தெரிகிறது. நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்று 12 மாதங்கள் நிறைவுறாத நாடு இந்தியாவின் மீது வழக்குத் தொடுக்க இயலாது என்பது அதன் விலக்குகளுள் ஒன்று. எல்லைத் தகராறுகளும் ஆயுத மோதல்களும் விலக்கப்பட்டன. காமன்வெல்த்தில் உள்ள, அல்லது முன்னர் இருந்த நாடுகளுடனான தகராறுகளும் அவ்வாறே. பாகிஸ்தான் 1972-இல் காமன்வெல்த்திலிருந்து வெளியேறியதை நினைவுகூர்ந்தால், ‘முன்னர் இருந்த’ என்னும் சொற்களின் நோக்கம் விளங்கும். 1999-இல் தன் கடற்படை விமானம் வீழ்த்தப்பட்டது குறித்துப் பாகிஸ்தான் தொடுத்த வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என நீதிமன்றம் 2000 ஜூனில் 14-க்கு 2 என்ற வாக்குகளில் முடிவு செய்தது. காமன்வெல்த் விலக்கே அதற்கு அடிப்படை.

சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய 1998-ஆம் ஆண்டு ரோம் மாநாட்டில் இந்தியா வாக்களிக்கவில்லை. வழக்குகளை அனுப்பவும் நிறுத்திவைக்கவும் பாதுகாப்புச் சபைக்கு அதிகாரம் தரப்பட்டதே முக்கிய ஆட்சேபம்.

எனினும், இதே இந்தியா 2017-இல் குல்பூஷண் ஜாதவ் வழக்கில் பாகிஸ்தானைத் தி ஹேக்கிற்கு அழைத்தது. தூதரக உறவுகள் குறித்த 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையையொட்டி இரு நாடுகளும் அளித்திருந்த இசைவு அதற்குத் துணை நின்றது. 2019 ஜூலை 17-இல் தீர்ப்பு பெரும்பாலும் இந்தியாவிற்குச் சாதகமாக அமைந்தது. இரண்டு மாதங்களுக்குப் பின், செப்டம்பர் 27-இல், இந்தியா தன் பிரகடனத்தைப் புதிதாக அளித்தது. காமன்வெல்த் விலக்கு அதிலும் இடம்பெற்றது.