கங்கைக்கரை நூல்நிலையம்

பாரத நாட்டைக் காணச் செல்வோர் ஆக்ராவையும் காசியையும் தேடிச் செல்வர்; பாட்னாவையோ புத்தகயாவுக்குப் போகும் வழியில் உள்ள ஓர் ஊர் என்ற அளவில் கடந்து விடுவர். அந்நகரிலே, கங்கைக் கரையருகே, குதா பக்‌ஷ் நூல்நிலையம் இருக்கின்றது.

அதன் வித்து ஒரு மரணப் படுக்கையில் ஊன்றப்பட்டது. 1876இல் முகம்மது பக்‌ஷ் என்பார் உயிர் பிரியுந் தறுவாயில், தாம் அரிதிற் சேர்த்த ஏறத்தாழ 1,400 கையெழுத்துப் பிரதிகளை மகனிடம் ஒப்புவித்து, ஊரார் யாவரும் படிக்கத்தக்க நூல்நிலையம் ஒன்றை நிறுவுமாறு வேண்டினார். மகன் குதா பக்‌ஷ் வழக்கறிஞர். தொழிலில் ஈட்டிய பொருளை ஏடு தேடுவதிலே செலவிட்டார். 1891இல் நூல்நிலையம் திறக்கப்பட்டபோது பிரதிகள் 4,000 அளவுக்குப் பெருகியிருந்தன. தந்தையின் ஒரு சொல்லுக்குப் பதினைந்து ஆண்டு உழைப்பு! தைமூர் வமிசத்தின் வரலாற்றைச் சித்திரங்களுடன் கூறும் அக்பர் காலத்துப் பாரசீக நூல் இங்குண்டு. அதற்கு வேறொரு பிரதி இருப்பதாக எவரும் அறியார். 1908இல் மறைந்த குதா பக்‌ஷ் அந்த வளவிலேயே அடக்கமானார்.

1969இல் பாராளுமன்றம் இதனைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிலையமாகச் சட்டமியற்றிற்று. இருந்தும் என்ன? 2021இல் மேம்பாலம் ஒன்றிற்காக இங்குள்ள கர்சன் வாசகசாலையின் ஒரு பகுதியை இடிக்கலாமென்ற யோசனை எழுந்தது. வீதி நெரிசலும் மெய்யே. ஆயினும் பாலத்தை விலக்கிக் கட்டலாம், அம்மண்டபத்தை மீண்டும் கட்ட இயலுமா? அறிஞர் பலர் கண்டனக் குரல் எழுப்பினர். பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் மாணவர்கள் அமர்ந்து படித்துவந்த இடம் அதுதான்.