முட்டையை எந்த முனையில் உடைப்பது?

அ என்ற எழுத்துக்கு யூனிகோடு கொடுத்திருக்கும் எண், பதினாறடிமான முறையில், 0பி85. யூடிஎஃப்-16 முறையில் அது 0பி, 85 என்று இரண்டு பைட்டுகளாகச் சேமிக்கப்படும். இந்த வரிசையில் எழுதி அனுப்பப்பட்டதை, பின்னால் வரும் பைட்தான் மதிப்பில் பெரியது என்று கருதும் ஒரு கணினி படித்தால், அதற்குக் கிடைப்பது 850பி. அது ஒரு சீன எழுத்தின் எண். 'அம்மா' என்ற சொல்லை முழுதாக இப்படிப் புரட்டிப் படித்தால் ஒரு சீன எழுத்தும் நான்கு கொரிய எழுத்துகளும் திரையில் வந்து நிற்கும். புள்ளிக்கும் துணைக்காலுக்கும் யூனிகோடில் தனித்தனி எண்கள் இருப்பதால் மொத்தம் ஐந்து.

எந்த பைட் முதலில் என்ற இந்தக் கேள்வியை வைத்துப் பொறியாளர்கள் பல ஆண்டுகள் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டைக்கு ஒரு பெயரும் ஒரு மொழியும் கிடைத்தது ஒரு நகைச்சுவைக் கட்டுரையால். கணினி ஆர்வலர்கள் கூடும் இடங்களில் இன்றும் நடக்கும் வாதங்களை, நிரல் எழுத எந்த எடிட்டர் சிறந்தது, வரியை உள்தள்ள டேபா ஸ்பேஸா, எந்த இயங்குதளம் என்பதையெல்லாம், வெளியிலிருந்து பார்ப்பவர்கள் வெட்டிப் பேச்சு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. இயந்திரம் தானாகத் தீர்ப்புச் சொல்லாத இடங்களில்தான் இந்த வழக்குகள் முளைக்கின்றன. கேலியும் கிண்டலும் கலந்து பேசியதால்தான் அவற்றில் பல, ஆட்களைப் பிரிக்காமல் முடிவுக்கு வந்தன.

1980 ஏப்ரல் 1. கலிபோர்னியாவில் தகவல் அறிவியல் கழகத்தில் பணியாற்றிய டேனி கோஹன், இணைய ஆய்வுக் குறிப்புகளின் வரிசையில் 137-ஆவது குறிப்பை வெளியிட்டார். 'புனிதப் போர்கள் குறித்தும், அமைதிக்கான ஒரு வேண்டுகோளும்' என்பது தலைப்பின் பொருள். ஜோனதன் ஸ்விஃப்ட் 1726-ல் எழுதிய கல்லிவரின் பயணக் கதையில் லில்லிபுட் நாட்டவருக்கும் பிளெஃபஸ்கு நாட்டவருக்கும் போர் மூள்கிறது. அவித்த முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதா, சிறிய முனையில் உடைப்பதா என்பதே காரணம். சிறிய முனையில் உடைக்க மறுத்து 11,000 பேர் உயிரை விட்டதாகக் கதை சொல்கிறது. கோஹன் இந்த இரு கட்சிகளையும் எடுத்துக் கணினிகளுக்குப் பெயராகச் சூட்டினார். பெரிய பைட்டை முதலில் வைப்பவை பிக் எண்டியன். சிறியதை முதலில் வைப்பவை லிட்டில் எண்டியன்.

பெயர் வேடிக்கையானது, வாதம் மிகக் கறாரானது. 1,234 என்ற எண்ணை நாம் எழுதும்போது ஆயிரத்தில் தொடங்குகிறோம். நினைவகத்தில் உள்ளதை அப்படியே அச்சிட்டுப் படிக்க வேண்டுமானால் இந்த வரிசையே வசதி. இரண்டு எண்களில் எது பெரியது என்று பார்க்கவும் முதல் இலக்கத்திலிருந்துதான் தொடங்குவோம். ஐபிஎம்மின் பெரிய கணினிகளும் மோட்டரோலா 68000 சில்லும் இந்தக் கட்சி. ஆனால் கூட்டும்போது நாம் ஒன்றாம் இடத்திலிருந்துதானே தொடங்குகிறோம்? மீதியை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோக அதுதான் வழி. சிறியது முதலில் இருந்தால் கூட்டல் சுற்று எளிது. எண் ஒரு பைட்டாக இருந்தாலும் நான்கு பைட்டாக இருந்தாலும் அதன் கடைசி இலக்கம் இருக்கும் முகவரி மாறாது. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் பிடிபி-11, இன்டெல் சில்லுகள் எல்லாம் இந்தப் பக்கம். ஒரு கணினியிலிருந்து எதிர்க்கட்சிக் கணினிக்குத் தரவை மாற்றும்போது 'யுனிக்ஸ்' என்ற சொல்லின் ஆங்கில எழுத்துகள் இரண்டிரண்டாக இடம் மாறி 'நக்ஸி' என்று வரும். அந்தக் காலத்துப் பொறியாளர்கள் இந்தக் கோளாறையே நக்ஸி சிக்கல் என்று அழைத்தார்கள்.

கோஹன் இரு தரப்பின் நியாயத்தையும் அடுக்கினார். தன் விதியைத் தானே மீறும் இயந்திரங்களையும் சுட்டிக்காட்டினார். கடைசியில் அவர் வந்து சேர்ந்த இடம் இது: எந்த வரிசை என்பதைவிட எல்லோரும் ஒரே வரிசைக்கு ஒப்புக்கொள்வது முக்கியம், வேண்டுமானால் நாணயத்தைச் சுண்டிப் பாருங்கள். தங்கள் சண்டை முட்டைச் சண்டைதான் என்று பொறியாளர்கள் தாங்களே சிரித்து ஒப்புக்கொள்ள அந்தக் கட்டுரை இடம் கொடுத்தது. நேரடியான அறிவுரை எதுவும் இதைச் சாதித்திருக்காது என்றே நம்புகிறேன். இணைய நெறிமுறைகளில் பெரியது முதலில் என்பது நிலைத்தது. இன்று நம் கைபேசிகளும் மடிக்கணினிகளும் ஏறத்தாழ எல்லாமே சிறியது முதலில் என்ற கட்சி. ஆகவே வெளியே போகும் ஒவ்வொரு தரவுப் பாக்கெட்டின் தலைப்பிலும் உள்ள எண்களை அவை புரட்டி எழுதுகின்றன, உள்ளே வருவதைப் புரட்டிப் படிக்கின்றன. யூனிகோடும் ஒரு வழி செய்தது. கோப்பின் தொடக்கத்தில் ஓர் அடையாள எண்ணை வைக்கலாம். அந்த எண்ணைத் திருப்பிப் போட்டால் கிடைப்பது எந்த எழுத்துக்கும் உரியதல்ல. எனவே புரண்டு வந்திருக்கிறது என்பது படிக்கும் நிரலுக்கு உடனே தெரிந்துவிடும்.

தமிழுக்கும் இப்படி ஒரு வழக்கு இருந்தது. 1990களின் பிற்பாதியில் இதழ்களின் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துருக் குறியாக்கத்தில் இயங்கின. படிக்க வேண்டுமென்றால் அந்தந்த எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டும். பல நாடுகளில் இருந்த ஆர்வலர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து டிஸ்கி குறியாக்கத்தை உருவாக்கினார்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற வேறு குறியாக்கங்களை ஏற்றது. 2010-ல் யூனிகோடை ஏற்றபோதும், உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் டேஸ்-16 மாற்றாக வைக்கப்பட்டது. ஒவ்வொன்றின் பின்னாலும் மொழியை நேசித்தவர்களின் உழைப்பு இருந்தது, காரணமும் இருந்தது. ஆனாலும் ஒப்புதல் வருவதற்கு முன் எழுதப்பட்ட பல பக்கங்கள், உரிய எழுத்துரு இல்லாததால், இன்று குப்பை எழுத்துகளாகத்தான் தெரிகின்றன. அதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

கேலி சண்டையைத் தணிக்கும் என்றேன். ஆனால் எழுத்தில் வேடிக்கை பேசுவதில் ஓர் ஆபத்து உண்டு. முகம் தெரியாது, குரல் கேட்காது. 1982 செப்டம்பரில் பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் கணினிவழி அறிவிப்புப் பலகையில் ஒரு இயற்பியல் புதிர் ஓடிக்கொண்டிருந்தது. கயிறு அறுந்து விழும் லிஃப்டுக்குள் ஒரு துளி பாதரசமும் எரியும் மெழுகுவர்த்தியும் இருந்தால் என்ன ஆகும்? யாரோ ஒருவர், இந்தச் சோதனையால் கட்டடத்தின் லிஃப்ட் ஒன்றில் பாதரசம் சிந்தியிருக்கிறது, தீயால் சேதமும் ஆகியிருக்கிறது என்று எச்சரிக்கை எழுதிவைத்தார். சிலர் உண்மையென்று நம்பிவிட்டார்கள். வேடிக்கைக்கு அடையாளம் வேண்டும் என்று பேச்சு எழுந்தது. நட்சத்திரக் குறி போடலாம், விழுக்காட்டுக் குறி போடலாம் என்று ஆளுக்கொரு யோசனை. செப்டம்பர் 19 காலை 11:44-க்கு ஸ்காட் ஃபால்மன் :-) என்ற குறியை முன்வைத்தார், பக்கவாட்டில் தலை சாய்த்துப் படிக்கச் சொன்னார். இங்கே நடப்பதைப் பார்த்தால் வேடிக்கை அல்லாதவற்றுக்கு அடையாளம் போடுவதே சிக்கனம் என்று சொல்லி, அதற்கு :-( என்பதையும் சேர்த்தார். அந்தப் பதிவு பழைய காப்பு நாடாக்களிலிருந்து 2002-ல்தான் மீட்கப்பட்டது. இன்று கைபேசியில் நாம் அனுப்பும் சிரித்த முகங்களுக்கு ஒரு மூதாதை, லிஃப்ட் பாதரசத்தில் பிறந்தது.

எல்லா வழக்குகளிலும் நீண்ட ஆயுள் கொண்டது எடிட்டர் வழக்கு. வி.ஐ.யா, ஈமேக்ஸா? இரண்டுமே 1976-ல் தோன்றியவை. வி.ஐ.யை பெர்க்லியில் பில் ஜாய் எழுதினார். வீட்டிலிருந்து அவர் வேலை பார்த்த தொலைபேசி இணைப்பின் வேகம் 300 பாட், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துகள். 80 எழுத்து அகலமும் 24 வரி உயரமும் கொண்ட ஒரு திரையை முழுதாக நிரப்ப ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஓர் எழுத்தைத் தட்டினால் ஒரு கட்டளை என்ற வி.ஐ.யின் கஞ்சத்தனம் இங்கிருந்துதான் வந்தது. அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் அம்புக்குறிகள் தனி விசைகளாக இல்லை, எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே பொறிக்கப்பட்டிருந்தன. இன்றும் வி.ஐ. பயனர்களின் விரல்கள் அதே நான்கு எழுத்துகளில் நகர்கின்றன. ஈமேக்ஸ் பிறந்த எம்ஐடி ஆய்வகத்தில் இணைப்பு வேகமாக இருந்தது, விசைப்பலகையில் மாற்று விசைகள் நிறைய இருந்தன. ஆகவே அது விசைக் கூட்டுகளையும், பயனரே நீட்டித்துக்கொள்ளும் வசதியையும் நம்பி வளர்ந்தது.

இந்த வேர்களை அறிந்தால் கேலிகளின் கூர்மை புரியும். எட்டு மெகாபைட் நினைவகத்தை விழுங்கிவிட்டு இன்னும் கேட்கிறது என்று வி.ஐ. கட்சியினர் ஈமேக்ஸைச் சீண்டியபோது, நினைவகம் விலை மிகுந்த பொருளாக இருந்தது. ஈமேக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஸ்டால்மன் மேடைகளில் அங்கி உடுத்து, பழைய வட்டுத் தகட்டை ஒளிவட்டமாகத் தலையில் சூடி, ஈமேக்ஸ் திருச்சபையின் புனிதராக வருவார். வி.ஐ. என்பது ரோம எண்ணில் 6. மூன்று முறை எழுதினால் 666, பைபிளில் மிருகத்தின் எண். வி.ஐ.யின் கட்டற்ற வடிவங்களைப் பயன்படுத்துவது பாவமா என்று கேட்டால், பாவமில்லை, அது தவம் என்பார். வி.ஐ.யின் வழிவந்த விம் எடிட்டரிலிருந்து வெளியேறுவது எப்படி என்ற கேள்வி ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் 2017-ல் 10 லட்சம் பார்வைகளைத் தாண்டியது. அதுவும் ஒரு கேலிப்பொருளானது. ஆனால் அது ஒரு வடிவமைப்புப் பாடமும்கூட: ஒரே விசை ஒரு நிலையில் எழுத்தாகவும் மறு நிலையில் கட்டளையாகவும் இருந்தால் புதியவர் தடுமாறுவார்.

சில வேடிக்கைகள் சோதனைக்கூடமாகவே மாறின. 1990 ஏப்ரல் 1 அன்று, ஆர்எஃப்சி எனப்படும் இணைய நெறிமுறை ஆவணங்களின் வரிசையில் வெளியான ஆர்எஃப்சி 1149, இணையப் பாக்கெட்டுகளைப் புறாக்களின் காலில் கட்டி அனுப்பும் முறையை வரையறுத்தது. 2001 ஏப்ரல் 28-ல் நார்வேயின் பெர்கன் நகர லினக்ஸ் ஆர்வலர்கள் அதைச் செய்தே காட்டினார்கள். அனுப்பியவை 9, பதில் வந்தவை 4. மிக விரைவான பதில் 53 நிமிடத்தில் வந்தது, மிகத் தாமதமானது ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குப் பின். சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் கவனியுங்கள்: கம்பியோ காற்றோ சிறகோ, கீழே எது சுமந்தாலும் மேலே உள்ள நெறிமுறைக்கு அதைப் பற்றிக் கவலையில்லை என்பது இணையத்தின் அடிப்படைக் கொள்கை. அதை இவ்வளவு தெளிவாக நிறுவிய செயல்விளக்கம் வேறொன்றை நான் அறியேன். 1998-ன் ஏப்ரல் ஆர்எஃப்சி ஒன்று, காபி போடச் சொன்னால் தேநீர்க் கெண்டி மறுக்க வேண்டிய பிழை எண்ணாக 418-ஐத் தந்தது. 2017-ல் அதை நிரல்களிலிருந்து நீக்க முன்மொழிந்தபோது எதிர்ப்பு கிளம்பியது. 2022-ன் எச்டிடிபி தர ஆவணம், அது வேடிக்கையாகப் பரவிவிட்டதால் இப்போதைக்கு வேறு பயனுக்கு ஒதுக்க இயலாது என்று பதிவு செய்திருக்கிறது.

எல்லாம் சிரிப்பில் முடிவதில்லை. 1992 ஜனவரி 29-ல் ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டேனன்பாம், லினக்ஸ் காலாவதியானது என்ற தலைப்பில் எழுதினார். லினக்ஸ் அப்போது சில மாதக் குழந்தை. அதை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சின்கியில் படித்துக்கொண்டிருந்த 22 வயது மாணவர். கேள்வி, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் அமைப்பைப் பற்றியது. கோப்புகள், வட்டு, வலையமைப்பு எல்லாவற்றையும் ஒரே பெரிய கெர்னலுக்குள் வைப்பது, வீடு முழுவதற்கும் ஒரே ஃப்யூஸ் போடுவது மாதிரி. ஓரிடத்தில் பழுதென்றால் எல்லா விளக்கும் அணையும். டேனன்பாம் எழுதிய மினிக்ஸ் இயங்குதளம் கெர்னலைச் சிறிதாக்கி, மற்றவற்றைத் தனித்தனி நிரல்களாகப் பிரித்தது. அதற்கு விலை, நிரல்களுக்கிடையே செய்திப் பரிமாற்றத்தில் இழக்கும் வேகம். டோர்வால்ட்ஸ் சீறி எழுதினார், பிறகு கடுமைக்கு மன்னிப்பும் கேட்டார். நீ என் மாணவனாக இல்லாததற்கு நன்றி சொல், இந்த வடிவமைப்புக்கு நல்ல மதிப்பெண் கிடைத்திருக்காது என்ற பொருளில் பேராசிரியர் பதில் எழுதினார்.

அந்தக் கடுமை டோர்வால்ட்ஸின் எழுத்தில் நெடுநாள் தங்கியது. பங்களிக்க வந்த பலரை அது காயப்படுத்தியது. 2018 செப்டம்பரில் அவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுச் சிறிது காலம் ஒதுங்கினார். லினக்ஸ் கெர்னலுக்கு ஒரு நடத்தை விதிமுறையும் வந்தது. அது முன்பே வந்திருக்க வேண்டும். கூர்மையான வாதமும் சொல்லடியும் ஒன்றென்று எண்ணியதில் இந்தச் சமூகம் நல்ல மனிதர்கள் பலரை இழந்திருக்கிறது.

1992-ல் மோதிய இருவரின் கதை வேறு விதமாகத் தொடர்ந்தது. 2004-ல் வாஷிங்டனைச் சேர்ந்த ஓர் ஆய்வு நிறுவனம், ஒரு மாணவர் தனியாக இப்படியொரு கெர்னலை எழுதியிருக்க முடியாது, மினிக்ஸிலிருந்துதான் எடுத்திருப்பார் என்ற குற்றச்சாட்டைக் கிளப்பியது. டோர்வால்ட்ஸுக்காகச் சாட்சி சொல்ல முன்வந்தவர் டேனன்பாம். தன் பக்கத்தில் விரிவான மறுப்பை எழுதி, லினக்ஸ் டோர்வால்ட்ஸ் எழுதியதுதான் என்று உறுதிப்படுத்தினார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வரி வரியாக எதிர்த்து வாதாடியவருக்கு எதிராளியின் வேலை எது, தன் வேலை எது என்பது யாரையும்விட நன்றாகத் தெரிந்திருந்தது. 2006 மே மாதம் அவர் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து, நம்பகமான இயங்குதளத்துக்குச் சிறிய கெர்னல் நல்ல வழி என்று மீண்டும் ஒரு கட்டுரை எழுதினார். டோர்வால்ட்ஸ் அதை மறுத்து எழுதினார். வாதம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.