மேஜை ஆடினால் வியாபாரமும் ஆடும்!

விருத்தாசலம் என்றதும் பழமலைநாதர் கோவில் நினைவுக்கு வரும். அடுத்தது பீங்கான்! அகல் விளக்கும் பொம்மையும் இந்த ஊர்ச் சூளைகளில் வெந்து வெளியூர் போகின்றன. ஓட்டல் நடத்துகிறவர்களுக்கு இந்தப் பீங்கான் ஒரு பாடம் சொல்கிறது.

பீங்கானின் பளபளப்பு என்ன? அது மெல்லிய கண்ணாடிப் பூச்சு. சூளையில் உருகி மண்ணோடு ஒட்டிவிடுகிறது. அதனால் எண்ணெயும் சாம்பாரும் உள்ளே இறங்குவதில்லை. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

வெடிப்பு விழுந்த மர மேஜை அப்படியா? குழம்பைக் குடிக்கும். பிறகு நாற்றம் அடிக்கும், ஈ மொய்க்கும். சாப்பிட வந்தவர் எழுந்து போய்விடுவார். ஆகவே, மேஜையின் மேல்பாகம் வழவழப்பாக இருக்க வேண்டும். பீங்கான் ஓடு பதித்தால், இடுக்கில் அழுக்குச் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் புதிதாக வாங்கப் பணம் இல்லையா? கவலை வேண்டாம். முதலில் ஆடுகிற கால்களைச் சரிசெய்யுங்கள். பிறகு உயரத்தை அளந்து பாருங்கள். மேஜை 30 அங்குலம், நாற்காலி 18 அங்குலம். இடையே ஓர் அடி. இப்படி இருந்தால் பெரியவர்கள் முதுகு வளையாமல் சாப்பிடலாம்.

திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸைப் பாருங்கள். சுழன்று ஏறும் பாதை. அதன் ஓரமாக மேஜையும் இருக்கையும் கட்டடத்தோடு கட்டடமாகவே கட்டப்பட்டிருக்கின்றன. அவை ஆடுமா? ஆடவே ஆடாது! அதைப் பார்ப்பதற்கென்றே வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள்.

ருசிதான் முதலில் ஆளை அழைக்கும். ஆனால், நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டவர்தான் அடுத்த முறை குடும்பத்தையும் அழைத்து வருவார். கல்லாப்பெட்டி நிறைய அதுவே வழி!