சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு

 

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்ப் பொருட்காட்சியில் ராட்டினம் ஏற வேண்டும் என்று என் மகள் அழுதாள். டிக்கெட் 40 ரூபாய். "வீண் செலவு" என்று சொல்லி அவளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதே மாதம் உறவினர் வீட்டுத் திருமணத்தில் ஒரு தங்க மோதிரம் போடுவதற்காக 20,000 ரூபாயை இரண்டு வட்டிக்கு வாங்கினேன். போடாவிட்டால் நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்ற பயம்தான். வட்டி ஹராம் என்பது எனக்குத் தெரியாததல்ல. மாதம் 400 ரூபாய் வீதம் மூன்று ஆண்டுகளில் வட்டியாக மட்டும் 14,400 ரூபாய் கட்டிய பிறகே அசலை அடைக்க முடிந்தது.

அன்று நான் என்னைச் சிக்கனக்காரன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் வீட்டாரிடம் கஞ்சனாகவும் ஊராரிடம் ஊதாரியாகவும் இருந்திருக்கிறேன். வீண்விரயம், கஞ்சத்தனம் இரண்டையுமே மார்க்கம் தடுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் சிக்கனம். சாதாரண வருமானத்தில் அப்படி நிற்க முடியுமா? முடியும். அதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஒரு மாதக் கணக்கு

மாவட்டத் தலைநகர் ஒன்றில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மனைவி, பள்ளி செல்லும் இரு பிள்ளைகள், மாதம் 22,000 ரூபாய் சம்பளம். வாடகையும் மின்சாரமும் 6,000. மளிகை, காய்கறி, பால், மீன், கறி, கேஸ் எல்லாம் சேர்த்து 8,500. பிள்ளைகள் படிப்பு 2,000. போக்குவரத்தும் செல்போனும் 1,500. மருந்து 500. ஆக 18,500 ரூபாய்.

மீதி 3,500 ரூபாய். இதைக் கையில் வைத்திருந்தால் மாதக் கடைசியில் எங்கே போனது என்றே தெரியாது. சம்பளம் வந்த அன்றே நான்கு உறைகளில் பிரித்துவிடுங்கள்: அவசரக் கையிருப்புக்கு 1,500, பெருநாளுக்கும் பள்ளித் திறப்புக்கும் 1,000, தர்மத்துக்கு 200, குடும்ப மகிழ்ச்சிக்கு 800. உங்கள் வீட்டுத் தொகைகள் மாறலாம். ஆனால் உறை நான்காகவே இருக்கட்டும்.

எங்கே ஓட்டை?

சிக்கனம் என்றதும் நாம் முதலில் டீயைத்தான் குறைக்கிறோம். நாளைக்கு இரண்டு டீ, 15 ரூபாய் வீதம், மாதம் 900 ரூபாய். அதைப் பாதியாக்கலாம், தவறில்லை. ஆனால் ஒரு லட்சம் ரூபாயை இரண்டு வட்டிக்கு வாங்கியவர் மாதம் 2,000 ரூபாய் கட்டுகிறார். 50 மாதங்களில் வட்டியாகவே ஒரு லட்சம் போய்விடும். அசல் அப்படியே நிற்கும். மேலே சொன்ன குடும்பத்தின் 3,500 ரூபாயில் பாதிக்கு மேல் இந்த ஒரே ஓட்டையில் ஒழுகிவிடுகிறது. டீயை நிறுத்தி இதை அடைக்க முடியாது.

இத்தகைய கடன்களில் பல பசிக்காக வாங்கியவை அல்ல, பிறர் பார்வைக்காக வாங்கியவை. வலீமாவில் இரண்டு வகை பிரியாணி, தேவைக்கு மீறிய பெரிய மண்டபம், தவணையில் வாங்கிய விலையுயர்ந்த செல்போன் என்று பட்டியல் நீளும். செலவு செய்யும் முன், "யாரும் பார்க்காவிட்டாலும் இதை வாங்குவேனா?" என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். இல்லை என்று மனம் சொன்னால் அது தேவையல்ல.

முன்பே தெரிந்த செலவுகள்

பெருநாளும் பள்ளித் திறப்பும் திடீரென்று வருபவை அல்ல. ஆனாலும் அவற்றுக்குத்தான் அதிகம் கைமாற்று வாங்குகிறோம். ஹிஜ்ரி ஆண்டு ஆங்கில ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு என்பதால் பெருநாள்கள் ஆண்டுதோறும் முன்னால் நகர்கின்றன. 2026ஆம் ஆண்டில் நோன்புப் பெருநாள் மார்ச்சில், ஹஜ்ஜுப் பெருநாள் மே கடைசியில், பள்ளித் திறப்பு ஜூனில் என்று அடுத்தடுத்து வருகின்றன. மாதம் 1,000 ரூபாய் ஒதுக்கியவர் கையில் ஆண்டுக்கு 12,000 இருக்கும். பெருநாள் துணியைக் கடைசிப் பத்து நாளில் நெரிசலில் வாங்காமல், முந்தைய ஆடித் தள்ளுபடியிலேயே வளரும் பிள்ளைகளுக்கு ஒரு அளவு பெரிதாக வாங்கி வைக்கலாம்.

கிடைப்பதை விடாதீர்கள்

ரேஷன் அரிசி வாங்கக் கூச்சப்படுபவர்கள் உண்டு. இட்லி, தோசைக்கு அது நன்றாகவே இருக்கும். சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. வீட்டு மின்சாரத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 75 வாட் பழைய மின்விசிறி நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட் ஆகும். 30 வாட் பி.எல்.டி.சி. விசிறிக்குச் சுமார் 22 யூனிட் போதும். பழையது பழுதாகும்போது மாற்றிக்கொள்ளுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தத்துக்குத் தொடர்ந்து மாத்திரை சாப்பிடுபவர்கள், அதே மருந்து மக்கள் மருந்தகத்தில் குறைந்த விலையில் கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

நான்காவது உறை

கை இறுகும்போது எல்லோரும் முதலில் வெட்டுவது மகிழ்ச்சிக்கான பணத்தைத்தான். அதைச் செய்யாதீர்கள். பிள்ளையின் ஆசை, மனைவியின் ஆசை எல்லாவற்றுக்கும் "இல்லை, இல்லை" என்றே சொல்லும் வீட்டில் சிக்கனம் நீடிக்காது. ஒருநாள் அடக்கிவைத்த ஆசையெல்லாம் ஒரே பெரிய செலவாக வெடிக்கும்.

800 ரூபாயில் என்ன முடியும்? மாதத்தில் ஒரு ஜும்ஆ நாளில் அரைக்கிலோ கறி எடுத்து வீட்டிலேயே நெய்ச்சோறு ஆக்கலாம். ஒரு மாலை கடற்கரைக்கோ ஆற்றங்கரைக்கோ போகலாம். சுண்டலையும் டீயையும் வீட்டிலிருந்தே கொண்டுபோனால் பிள்ளைகளுக்கு ஐஸ் வாங்கக் காசு மிஞ்சும். பொது நூலகத்தில் பிள்ளைகளை உறுப்பினராக்கினால் சிறு தொகையில் ஆண்டு முழுவதும் புத்தகம் கிடைக்கும். இந்த மாதம் எதற்குச் செலவழிப்பது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும். பணத்தின் அருமை அவர்களுக்கு அப்படித்தான் புரியும்.

கடனில் இருப்பவர்களுக்கு

ஏற்கனவே கடனில் இருந்தால், எல்லாக் கடன்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். மனைவியிடம் எதையும் மறைக்காதீர்கள். வட்டி அதிகமுள்ளதை முதலில் அடையுங்கள். அடகில் உள்ள நகையை மறுபடி மறுபடி அடகு வைப்பதைவிட, ஒன்றை விற்று மற்றவற்றை மீட்பது பல நேரங்களில் லாபம். உங்கள் ஜமாஅத்தில் வட்டியில்லாக் கடன் ஏற்பாடு இருக்கிறதா என்று விசாரியுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

இந்த மாதம் ஒரு நோட்டு வாங்கி, 30 நாள் செலவை ஒன்றுவிடாமல் எழுதுங்கள். ஓட்டை எங்கே என்று அதுவே காட்டும்.

ராட்டினத்துக்கு அழுத மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அந்தச் சம்பவம் அவளுக்கு நினைவில்லையாம். எனக்கு இருக்கிறது. மோதிரம் போட்ட வீட்டாருக்கோ, அன்று நான் என்ன போட்டேன் என்பதே நினைவில்லை.

அல்லாஹ் நம் அனைவரின் வருமானத்திலும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.